கண்ணுக்குத் தெரியாட்டி எண்ணெய் இல்லையா?

2020 செப்டெம்பர் 3. சங்கமன்கண்டிக்குக் கிழக்கே கடலில் 'எம்.டி. நியூ டயமண்ட்' கப்பல் தீப்பிடித்தது. பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் உயிரிழந்தார். உள்ளே சுமார் 270,000 தொன் மசகு எண்ணெய். அல்லாஹ்வின் உதவி, அது கசியவில்லை. கசிந்தது கப்பல் ஓடுற எரிபொருள். அந்தப் படலத்தின் மேல் இந்தியக் கரையோரக் காவற்படை விமானம் இரசாயனம் தெளித்தது.

இந்த இரசாயனம் எண்ணெயை அழிக்காது. சட்டி கழுவுற சோப்பு மாதிரி, சின்னச் சின்னத் துளியாக உடைத்துத் தண்ணிக்குள் இறக்கிவிடும். கரையும் பறவையும் தப்பும். ஆனா மீன் முட்டையும் குஞ்சும் இருக்கிற தண்ணிக்குள்ளதான் அது போகுது. 2010இல் மெக்சிக்கோ வளைகுடாவில் சுமார் 70 இலட்சம் லீற்றர் கொட்டினார்கள். நல்லதா கெட்டதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

ஆழ்கடலில் தெளித்ததைக் குறை சொல்லவில்லை. அங்கே கலைந்துபோக நிறையத் தண்ணி இருக்கு. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் கரைவலைகளுக்கு முன்னால் தெளிப்பது வேற கதை. எங்கே தெளிக்கலாம், எங்கே கூடாது என்ற எல்லையைக் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபை நம்மட மீனவர் சங்கங்களோடு இருந்து பேசி இப்பவே வரைய வேணும். கப்பல் எரியுற அன்றைக்கு அதுக்கு நேரம் கிடைக்காது.