யூதர் பஞ்சாங்கத்தில் நம் தேதி

2024-ஆம் ஆண்டில் நாம் உயிர்ப்புப் பெருவிழா கொண்டாடியது மார்ச் 31-இல். யூதர்கள் பாஸ்காத் திருநாளைத் தொடங்கியதோ ஏப்ரல் 22 மாலையில். ஆண்டவரின் பாடுகள் பாஸ்கா நாள்களில்தானே நிகழ்ந்தன, பின் ஏன் இத்துணை இடைவெளி என்று அன்பர் சிலர் வினவியுள்ளனர். விடை காண, யூதர் நாள் கணிக்கும் முறையை அறிதல் வேண்டும்.

அவர்களது மாதம் சந்திரனைப் பின்பற்றுவது. 29 அல்லது 30 நாள் கொண்டது. பன்னிரு மாதங்கள் சேர்ந்தால் ஏறத்தாழ 354 நாள்களே. சூரிய ஆண்டுக்குப் பதினொரு நாள் குறைவு. இதனை அப்படியே விட்டுவிட்டால் வசந்த காலத்துப் பாஸ்கா சில ஆண்டுகளில் குளிர்காலத்திற்குச் சென்றுவிடும். ஆகவே 19 ஆண்டுகளில் 7 முறை ஆதார் மாதத்தை இரண்டாக்குகின்றனர். யூத ஆண்டை 19-ஆல் வகுக்க மீதி 0, 3, 6, 8, 11, 14, 17 என வரின் அது பதின்மூன்று மாத ஆண்டு. மேற்சொன்ன பாஸ்கா 5784-ஆம் ஆண்டினது, மீதி 8. நாம் மார்ச் மாத முழுநிலவைக் கொண்டோம். மிகுதி மாதத்தால் அவர்களுக்கு அது ஏப்ரல் நிலவாயிற்று.

ஆண்டைக் காண்பது எளிது. ஜனவரி முதல், செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வரும் யூதப் புத்தாண்டு வரை நம் ஆண்டுடன் 3760-ஐக் கூட்டுக, அதன்பின் 3761.

நாளைக் காண்பதில்தான் கவனம் தேவை. அவர்களுக்குக் கதிரவன் மறைந்ததும் மறுநாள் பிறந்துவிடுகிறது. 1948 மே 14, வெள்ளி மாலை 4 மணிக்கு இஸ்ராயேல் நாடு அறிவிக்கப்பட்டது. அது 5708 இய்யார் 5. பொழுது சாய்ந்தபின் அறிவித்திருந்தால் இய்யார் 6 ஆகியிருக்கும். இது வெறும் கணக்கன்று. யூதக் குடும்பத்தார் பெற்றோர் இறந்த நாளைத் தங்கள் தேதிப்படியே நினைவுகூர்ந்து, ஒரு நாள் முழுதும் எரியும் விளக்கேற்றிச் செபிப்பர். இரவு எட்டு மணிக்கு இறந்த தந்தைக்குச் சான்றிதழில் உள்ள தேதியை மட்டும் கொண்டு கணித்தால், ஆண்டுதோறும் ஒரு நாள் முன்னதாகவே விளக்கேற்ற நேரும். ஆதாரில் இறந்தவர்க்கு, இரு ஆதார் வரும் ஆண்டில் சிலர் முதலதையும் சிலர் இரண்டாவதையும் கைக்கொள்வர்.

அவ்வாறாயின் பெரிய வெள்ளியின் தேதியையும் கணிக்கலாமே என்பீர்கள். இன்றைய கணித முறை நிலைபெற்றது பிற்காலத்தில். மரபு அதனைக் கி.பி. நான்காம் நூற்றாண்டின் இரண்டாம் ஹில்லேலுடன் இணைக்கிறது. ஆண்டவரின் காலத்திலோ பிறையைக் கண்ட சாட்சிகள் எருசலேமில் வந்து உரைத்த பின்னரே மாதம் தொடங்கிற்று. மேகம் மறைத்தால் மாதம் ஒரு நாள் நீளும். வாற்கோதுமை முற்றாவிடில் ஒரு மாதமே கூடும்! ஆதலால் இன்றைய அட்டவணையை அக்காலத்துக்குப் பொருத்துவது தகாது. யோவான் நற்செய்தியின்படி ஆண்டவர் இறந்தது பாஸ்காவுக்கு முந்திய ஆயத்த நாளில், அதாவது நீசான் 14-இல். பிலாத்து ஆளுநராயிருந்த 26 முதல் 36 வரையான ஆண்டுகளில், நிலவின் ஓட்டத்தைக் கணித்தோர் அதற்குப் பொருந்துவனவாகச் சிறப்பாகக் கூறுபவை இரு வெள்ளிக்கிழமைகள்: கி.பி. 30 ஏப்ரல் 7, கி.பி. 33 ஏப்ரல் 3. அறிஞர் இன்றும் இவ்விரண்டுக்கும் இடையேதான் வாதாடுகின்றனர்.