எல் போர்டு யாருக்கு?

சென்ற மாதம் தில்லி ராமகிருஷ்ணபுரத்தில், 18 வயது நிரம்பிய என் மகன் எல் போர்டு மாட்டிய ஸ்கூட்டரை ஓட்ட, நான் பின்னால் அமர்ந்திருந்தேன். யூ டர்ன் தூரமென்று எதிர்த்திசையிலேயே புகுந்துவிட்டான். எதிரே வந்த சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் மயிரிழையில் தப்பினார். திட்டினேன். "தினமும் ஸ்கூலுக்கு நீங்க இப்படித்தானே கூட்டிட்டுப் போனீங்க, அப்பா?" என்றான். வாயடைத்துப் போனேன்.

பழகுநர் உரிமம் பெற்று 30 நாட்கள் கழித்துத்தான் ஓட்டுநர் தேர்வு. ஆனால் பிள்ளைகள் பல வருடங்களாக நம் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் படிக்கிறார்கள். சிவப்பு விளக்கைத் தாண்டுவதும், போலீஸைக் கண்டால் மட்டும் ஹெல்மெட் மாட்டுவதும் அந்தப் பாடத்தில் உண்டு. அவர்களை டிரைவிங் ஸ்கூலில் சேர்க்குமுன் நாம் திருந்த வேண்டாமா?

இப்போதெல்லாம் நான் சுற்றித்தான் போகிறேன். ஐந்து நிமிடம் கூடுதலாகிறது, ஆகட்டுமே!