ஆட்டோ விதையும் பத்து வருடமும்

ஆட்டோ என்றால் மீஞ்சூரில் நிற்கும் ஷேர் ஆட்டோதான் ஞாபகம் வரும். இப்போது கல்லூரி வாசல்களில் வேறொரு 'ஆட்டோ' அடிபடுகிறது. ஆட்டோஃப்ளவர் கஞ்சா விதை! விற்பவர்கள் சொல்வது இதுதான்: பத்து வாரத்தில் கதை முடிந்துவிடும், செடி இடுப்புக்கு மேல் வளராது, ஒரு தொட்டி போதும், இது வேறு இனம் என்பதால் சட்டத்தில் வராது, வந்தாலும் ஒரே ஒரு செடிக்கு யார் கேஸ் போடப் போகிறார்கள்?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் பாதி தேவையில்லாத பெருமை, மீதி அப்பட்டமான பொய்.

முதலில் பெருமையைப் பார்த்துவிடலாம். சாதாரணக் கஞ்சா செடி பகலின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும். பகல் குறைந்து இரவு நீண்டால்தான் அதற்குப் பூக்கும் காலம். ஆட்டோ வகை அப்படியல்ல, வயதைப் பார்த்துப் பூக்கும். முளைத்துச் சில வாரம் ஆனால் போதும், வெளியே எத்தனை மணி நேரம் வெயில் அடித்தாலும் பூத்துவிடும். இந்தக் குணம் ருடெராலிஸ் என்ற குட்டை இனத்திலிருந்து வந்தது. ரஷ்யத் தாவரவியலாளர் யானிஷெவ்ஸ்கி 1924ல் அதற்கு அந்தப் பெயரை வைத்தார். அது வடக்கே, கோடை சில மாதமே நீடிக்கும் நிலத்துச் செடி. அங்கே கோடையில் பகல் மிக நீளம். அது குறையட்டும் என்று காத்திருந்தால் பனி வந்து கொன்றுவிடும். அதனால் காத்திருக்காமல் பூக்கப் பழகிக்கொண்டது. 2000க்குப் பிறகு லோரைடர் போன்ற கலப்பு வகைகள் வந்து இந்தக் குணத்தை உலகச் சந்தைக்குக் கொண்டுபோயின.

சரி, காட்டுப்பள்ளிக்கு இது எதற்கு?

காட்டுப்பள்ளி, பழவேற்காடு ஏரிக்குத் தெற்கே கடலோரத்தில் கிடக்கும் மணல் திட்டு. பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே 13 டிகிரிதான். ஆனி மாதத்திலேயே பகல் ஏறத்தாழ 13 மணி நேரத்தைத் தாண்டாது, மார்கழியில் பதினொன்றே கால் மணிக்கு இறங்கிவிடும். பெரும்பாலான கஞ்சா வகைகள் 14 மணி நேரத்துக்குக் கீழே பகல் இறங்கினாலே பூக்க ஆரம்பிக்கும். வெப்பமண்டல வகைகள் இன்னும் குறைந்த பகலைக் கேட்கும், அதுவும் இங்கே வருடாவருடம் கிடைக்கிறது. ஆக, இந்த ஊரில் இல்லாத ஒரு நோய்க்கு மருந்து விற்கிறார்கள்!

இந்த அறிவு விவசாயிகளுக்குப் புதிதும் அல்ல. பழைய நீண்டகாலச் சம்பா ரகங்கள் பகல் குறைவதற்காகக் காத்திருந்து பூத்தன. 1966ல் வந்த ஐ.ஆர்.8 பகலை லட்சியம் செய்யாமல் எந்தப் பருவத்திலும் விளைந்தது. பொன்னேரிப் பக்கம் நெல் போடும் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் 'குறுகிய கால ரகம்' என்றால் என்னவென்று சொல்வார். நெல்லில் அந்தக் குணம் சோறு போட்டது. இங்கே அது விதை வியாபாரிக்கு மட்டும்தான் சோறு போடுகிறது. ஆட்டோ செடியின் கிளையை வெட்டி நட்டாலும் தாய்ச்செடியின் வயதுதான் அதற்கும். அது பெரிதாக வளரக் காத்திருக்காமல் பூத்து முடிந்துவிடும். மறுபடி விதைக்குக் கையேந்த வேண்டியதுதான்.

இனி பொய்க்கு வருவோம். "வேறு இனம், சட்டத்தில் வராது" என்கிறார்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கன்னாபிஸ் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும் கஞ்சா செடியே என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. குட்டை, நெட்டை, ஆட்டோ, ஷேர் ஆட்டோ எல்லாம் அதில் அடக்கம்.

"ஒரே ஒரு செடிதானே" என்பது அதைவிட ஆபத்தான பேச்சு. கணக்கைப் பாருங்கள். கஞ்சா புகைத்தால் அதிகபட்சம் 6 மாதச் சிறை. சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் எளாவூர் சோதனைச்சாவடியில் ஒருவன் பையில் 900 கிராம் கஞ்சாவோடு பிடிபட்டால், அது 1 கிலோவுக்குள் இருப்பதால் 'சிறிய அளவு', அதிகபட்சம் 1 வருடம். ஆனால் வீட்டுக் கொல்லையில் ஒரே ஒரு செடி வளர்த்தால்? பிரிவு 20ன்படி 10 வருடம் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். கஞ்சாவுக்குச் சிறிய அளவு, வணிக அளவு என்று எடைக்கணக்கு வைத்த சட்டம், செடிக்கு எந்தக் கணக்கும் வைக்கவில்லை. ஒரு தொட்டியும் ஒரு மலைத்தோட்டமும் ஒரே பிரிவில்!

"அதிகபட்சம்தானே, நீதிபதி குறைத்துக் கொடுப்பார்" என்று சிலர் சொல்வார்கள். கொடுக்கலாம். ஆனால் 3 வருடத்துக்கு மேல் தண்டனை உள்ள இந்தச் சட்டத்தின் வழக்குகள் சிறப்பு நீதிமன்றத்துக்குத்தான் போகும். வக்கீல் செலவு, வாய்தா, வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போலீஸ் சரிபார்ப்பு... வலை இழுத்துப் படிக்க வைத்த குடும்பத்துக்குத் தீர்ப்பு வருவதற்கு முன்பே தண்டனை தொடங்கிவிடும்.

"கஞ்சா கெடுதல், கடுமையாகத்தான் இருக்க வேண்டும்" என்பவர்களுக்கும் ஒரு கேள்வி. கெடுதலே அளவுகோல் என்றால், ஊருக்குள் வரும் முக்கால் கிலோவை விட ஒரு தொட்டிச் செடி எப்படிப் பெரிய கெடுதல்? அளக்க முடியாது என்றும் சொல்ல முடியாது. உத்தரகாண்ட் 2018ல் நாருக்கான கஞ்சா சாகுபடிக்கு உரிமம் கொடுத்தபோது, போதைப்பொருளான டி.எச்.சி. 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்தது. அதுவும் இதே சட்டத்தின் கீழ்தான். பழவேற்காடு ஏரியில் மீனவர்களின் 'பாடு' முறையில்கூட யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று கணக்கு உண்டு. கணக்கில்லாத இடத்தில் சண்டைதான் மிஞ்சும் என்று அவர்களுக்குத் தெரியும்.

செடிக்கும் 'சிறிய அளவு' என்று ஒன்றைப் பாராளுமன்றம் எழுத வேண்டும். எழுதும்வரை, "ஒரு தொட்டிதானே" என்று விதையை நீட்டுகிறவன் நண்பன் அல்ல. பத்து வாரம் என்று அவன் சொல்லும் செடிக்குச் சட்டம் சொல்லும் கணக்கு பத்து வருடம்.