கேள்வி கேட்கக் கூடாத அறிக்கை

கொடைக்கானலில் அவ்வப்போது ஒரு பேச்சு கிளம்பும். பழனி தனி மாவட்டம் ஆகப்போகிறதாம், கொடைக்கானலும் அதோடு போய்விடுமாம். நல்லதுதானே என்பார் ஒருவர். திண்டுக்கல் கலெக்டர் ஆபீசுக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் போவதற்குப் பதில் பழனிக்கு 65 கிலோமீட்டர் போனால் போதும் என்பது அவர் கணக்கு. பக்கத்தில் இருப்பவர் தாண்டிக்குடிக்காரராக இருந்தால் முகம் சுளிப்பார். தாண்டிக்குடியும் பண்ணைக்காடும் கொடைக்கானல் தாலுகாதான், ஆனால் அந்தப் பக்கத்து ஜனங்கள் கீழே இறங்குவது வத்தலக்குண்டு வழியாக. அவர்களுக்குப் பழனி என்பது மலையைச் சுற்றிக்கொண்டு போகிற ஊர். ஒரு வாரம் பேசிவிட்டு எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

ஆனால் ஒருநாள் அந்தப் பேச்சு உண்மையானால் அது எப்படி உண்மையாகும் என்பதை இப்போதே சொல்லிவிடலாம். கோட்டையில் சட்டமன்றம் கூடியிருக்கும். முதலமைச்சர் எழுந்து, பேரவை விதி 110-ன் கீழ் ஓர் அறிக்கை அளிக்க விரும்புவதாகச் சொல்லி ஒரு காகிதத்தைப் படிப்பார். மேசைகள் தட்டப்படும். பழனி எம்.எல்.ஏ. எழுந்து நன்றி சொல்வார். (கொடைக்கானலுக்கும் அவர்தான் எம்.எல்.ஏ. மலைக்கென்று தனித் தொகுதி கிடையாது.) தாண்டிக்குடிக்காரரின் கேள்வியை அவர் அப்போது கேட்க மாட்டார். கேட்க நினைத்தாலும் வழியில்லை. விதி அப்படி!

இது வெறும் கற்பனை இல்லை. 2019 ஜூலை 18 அன்று தென்காசி, செங்கல்பட்டு என்று இரண்டு புதிய மாவட்டங்களை அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி 110-ன் கீழ்தான் அறிவித்தார். 2020 மார்ச் 24 அன்று மயிலாடுதுறையும் அதே வழியில் வந்தது. கொரோனாவுக்காக அன்று மாலை 6 மணி முதல் மாநிலம் முழுக்க 144 தடை. இடையில் திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் சட்டமன்றத்தில் கூட அறிவிக்கப்படவில்லை. 2019 ஆகஸ்ட் 15 அன்று கோட்டைக் கொத்தளத்தில் கொடியேற்றிவிட்டுப் பேசிய உரையில் அறிவிக்கப்பட்டன. கொடிக்கம்பத்தின் கீழ் அறிவிப்பதற்கும் சட்டமன்றத்துக்குள் அறிவிப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். இரண்டு இடத்திலும் எதிரில் இருப்பவர்கள் செய்ய முடிந்தது ஒன்றுதான்: கைதட்டலாம்.

சரி, அந்த விதி என்னதான் சொல்கிறது? பொது முக்கியத்துவம் வாய்ந்த ஒரு விஷயம் பற்றி, பேரவைத் தலைவரின் இசைவோடு, அமைச்சர் ஒருவர் அவையில் அறிக்கை அளிக்கலாம். அறிக்கை அளிக்கும் நேரத்தில் அதன்மீது விவாதம் கூடாது. சாரம் இவ்வளவுதான். விதியில் இருப்பது "அமைச்சர்". நடைமுறையில் 110 என்றாலே முதலமைச்சர் என்று ஆகிவிட்டது. பக்கம் பக்கமாகக் கொள்கை விளக்கக் குறிப்பு படிக்கும் துறை அமைச்சர்களுக்குச் சின்னச் சின்ன அறிவிப்புகள், பெரிய அறிவிப்பெல்லாம் முதலமைச்சருக்கு. 2011-லிருந்து 2016 வரையிலான ஜெயலலிதா ஆட்சியில் "நூத்திப்பத்து" என்பது தமிழ்நாட்டில் பத்திரிகை படிக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்த எண்ணாகிவிட்டது. அந்த 110 அறிவிப்புகள் எல்லாம் என்னவாயின என்று எதிர்க்கட்சியாக இருந்து கேட்டுவந்த தி.மு.க. 2021-ல் ஆட்சிக்கு வந்ததும் அதே விதியை எடுத்துக்கொண்டது. பெரியார் பிறந்தநாள் சமூகநீதி நாள் ஆனதும், மெரினாவில் கருணாநிதி நினைவிடம் அறிவிக்கப்பட்டதும் 110-ன் கீழ்தான். கட்சி மாறினாலும் விதியின் சுகம் மாறவில்லை.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. விவாதம் கூடாது என்று சொல்கிற விதி பாராட்டைத் தடுப்பதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அறிக்கை முடிந்ததும் கட்சிக்கு ஒருவராக எழுந்து நன்றி சொல்வது அவையில் பழகிப்போன காட்சி. சிலர் சொல்லும் நன்றி, படிக்கப்பட்ட அறிக்கையைவிட நீளம். வாழ்த்துரைக்கு நேரம் இருக்கிறது, "இதற்குப் பணம் எங்கிருந்து, யாருக்குக் கிடைக்கும், எப்போது முடியும்" என்ற மூன்று கேள்விக்குத்தான் நேரமில்லை.

அந்த மூன்று கேள்வி கேட்கப்படாததால் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைப்பவர்கள் நகைக்கடன் கதையைப் பார்க்கலாம். 2021 செப்டம்பரில், கூட்டுறவு நிறுவனங்களில் 5 சவரன் வரை நகை வைத்து வாங்கிய கடன் தள்ளுபடி என்று 110-ன் கீழ் அறிக்கை வந்தது. சுமார் 6,000 கோடி ரூபாய் என்றார்கள். மலையிலும் நகையை வைத்துவிட்டுப் பூண்டு போடுவதும் உருளைக்கிழங்கு போடுவதும் புதிதல்ல. கேட்டவர்கள் எல்லோரும் தங்கள் நகை வீட்டுக்கு வந்துவிட்டதாகவே நினைத்தார்கள். டிசம்பரில் கணக்கு வெளியே வந்தது. 48 லட்சத்துக்கும் மேற்பட்ட கடன்களில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டவை தள்ளுபடிக்குத் தகுதி இல்லை! நிபந்தனைகள் தவறென்று சொல்ல வரவில்லை. ஒரே ஆள் பல சங்கங்களில் பல கடன் வாங்கிய முறைகேடுகள் இருந்தன, வடிகட்டத்தான் வேண்டும். ஆனால் அறிக்கை படித்த அன்றே ஓர் உறுப்பினர் எழுந்து, "குடும்ப அட்டைக்கு ஒரு கடனா, ஆளுக்கு ஒரு கடனா? அரசு ஊழியர் வீட்டுக்கு உண்டா?" என்று கேட்டிருந்தால், பல லட்சம் வீடுகளில் மூன்று மாதம் வீணாக நம்பிக்கொண்டு இருந்திருக்க மாட்டார்கள். அந்தக் கேள்விக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

இதே மாதிரி அறிக்கைகள் வேறு நாட்டுச் சட்டமன்றங்களிலும் உண்டு. ஸ்காட்லாந்தை எடுத்துக்கொள்வோம். 1999-ல் வந்த சின்ன நாடாளுமன்றம், மொத்தமே 129 உறுப்பினர்கள் (தமிழ்நாட்டில் 234). அங்கேயும் அமைச்சர் எழுந்து அறிக்கை படிக்கிறார். படிக்கும்போது யாரும் குறுக்கிடக் கூடாது. இதுவரை 110 மாதிரியேதான். ஆனால் ஏன் குறுக்கிடக் கூடாது என்பதற்கு அவைத் தலைவர் ஒவ்வொரு முறையும் சொல்லும் காரணம், அறிக்கையின் முடிவில் அமைச்சர் கேள்விகளுக்குப் பதில் சொல்வார் என்பது. எதிர்க்கட்சிகளுக்கு அறிக்கையின் நகல் முன்கூட்டியே போய்விடுவதால், எழுகிற உறுப்பினர் கையில் தயாரான கேள்வியோடு எழுகிறார்.

இதன் பலம் என்ன என்பது 2009-ல் தெரிந்தது. 1988 டிசம்பரில் லாக்கர்பி ஊருக்கு மேலே விமானத்தில் குண்டு வெடித்து 270 பேர் இறந்தார்கள் அல்லவா? அந்த வழக்கில் தண்டனை பெற்ற லிபியாக்காரர் மெக்ராஹி, புற்றுநோயால் சாகக் கிடக்கிறார் என்று கருணை அடிப்படையில் விடுவித்தார் ஸ்காட்லாந்தின் நீதி அமைச்சர் கென்னி மக்காஸ்கில். விடுதலை ஆகஸ்ட் 20. விடுமுறையில் இருந்த நாடாளுமன்றத்தை ஆகஸ்ட் 24 அன்று கூட்டினார்கள். அமைச்சர் அறிக்கை படித்தார். அதன் பிறகு கேள்விகள் வந்தன. கைதியைச் சிறைக்கே போய் நேரில் பார்த்தது சரியா, எந்த மருத்துவர் சொன்னதை நம்பினீர்கள், வீட்டுக் காவலில் ஸ்காட்லாந்திலேயே வைத்திருக்க முடியாதா என்று அவரவர் கேட்டார்கள். மக்காஸ்கில் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் நடந்த வாக்கெடுப்பில் அவர் அரசு தோற்கவும் செய்தது. அவர் செய்தது சரியா தவறா என்பது வேறு பேச்சு. (மெக்ராஹி 2012 மே வரை உயிரோடு இருந்தார் என்பதால் அந்தப் பேச்சு அங்கே இன்னும் ஓயவில்லை.) ஆனால் எதன் அடிப்படையில் முடிவெடுத்தார் என்பது அவர் வாய்மொழியாகவே அவைக் குறிப்பில் இருக்கிறது.

தமிழ்நாட்டிலும் கைதிகள் விடுதலை பற்றி ஓர் அறிவிப்பு அவையில் வந்தது. 2014 பிப்ரவரி 18 அன்று ராஜீவ் கொலை வழக்கில் மூவரின் தூக்குத் தண்டனையை உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. மறுநாளே, அந்த வழக்கில் சிறையில் இருக்கும் ஏழு பேரையும் விடுவிக்க முடிவு செய்திருப்பதாக ஜெயலலிதா சட்டமன்றத்தில் அறிவித்தார். மத்திய அரசு மூன்று நாளில் பதில் சொல்லாவிட்டால் மாநில அரசே விடுவித்துவிடும் என்றார். பலத்த மேசைத் தட்டல். அன்று அவையில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். சி.பி.ஐ. விசாரித்த வழக்கில் மத்திய அரசைக் "கலந்தாலோசிக்க" வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறதே, கலந்தாலோசிப்பது என்றால் தகவல் சொன்னால் போதுமா, சம்மதமும் வேண்டுமா? விடுதலையை எதிர்ப்பவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அல்ல இது. விடுதலையை மனதார விரும்பியவர்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். பிப்ரவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2015 டிசம்பரில், சம்மதம் வேண்டும் என்று அரசியல் சாசன அமர்வு சொன்னது. பேரறிவாளன் வெளியே வந்தது 2022 மே மாதம், மற்ற ஆறு பேர் அதே ஆண்டு நவம்பரில். எட்டு வருடங்களுக்கு மேல். அவையில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த எட்டு வருடமும் மிச்சமாகியிருக்கும் என்று சொன்னால் அது மிகை. ஆனால் அன்று தட்டிய மேசைகளில் ஒன்றாவது அந்தச் சட்டப்பிரிவைத் திறந்து பார்த்திருக்கலாம்.

அவையில் கேட்கப்படாத கேள்விகள் காணாமல் போய்விடுவதில்லை என்பதுதான் விஷயம். அவை வேறு இடத்துக்குப் போய்விடுகின்றன. கொடைக்கானலுக்கே இது நன்றாகத் தெரியும். சீசனில் வத்தலக்குண்டு ரோட்டில் மணிக்கணக்காக வண்டிகள் நிற்பது மலைவாசிகளுக்குப் பல வருடத் தலைவலி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியும் அந்த வரிசையில்தான் நிற்கும். இந்த மலைக்கு எத்தனை வண்டி தாங்கும் என்ற கேள்வியைக் கடைசியில் விடாப்பிடியாகக் கேட்டது சென்னை உயர் நீதிமன்றம். 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது அதன் உத்தரவால்தான். 2025-ல் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வாரக் கடைசியில் 6,000 வண்டி என்று வரம்பு வைத்ததும் அதே நீதிமன்றம். அரசு வழக்கறிஞரிடம் நீதிபதிகள் கேட்டார்கள், அதிகாரிகள் அறிக்கை கொடுத்தார்கள், மறுபடி கேட்டார்கள். லாட்ஜ் வைத்திருப்பவரும் டாக்ஸி ஓட்டுபவரும் அந்த உத்தரவைத் திட்டினார்கள், அவர்கள் பிழைப்பு அவர்களுக்கு. ஆனால் லாட்ஜ்காரரின் கேள்வியையும், வரிசையில் சிக்கிய நோயாளியின் கேள்வியையும், பூம்பாறையிலிருந்து காய்கறி ஏற்றி இறங்கும் லாரிக்காரரின் கேள்வியையும் ஒரே நேரத்தில் கேட்கத் தகுந்த இடம் ஓட்டுப்போட்டு அனுப்பிய ஆட்கள் உட்கார்ந்திருக்கும் அவை. நீதிமன்றத்துக்குப் போக வக்கீல் வேண்டும்.

இந்த மலையே சட்டமன்றத்தின் வேறு வழியையும் பார்த்திருக்கிறது. அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984-ல் வந்தது ஒரு தனிச் சட்டத்தின் மூலம். சட்டம் என்றால் முன்வடிவு வைக்க வேண்டும், உறுப்பினர்கள் பிரிவு பிரிவாகப் பேசலாம், திருத்தம் கேட்கலாம், பிறகு ஓட்டு. நம்மூர் அவையில் அதுவும் பல நேரம் ஓட்டமாக நடந்துவிடுகிறது என்பது உண்மைதான். இருந்தாலும் வாயைத் திறக்க ஓர் இடமாவது இருக்கிறது.

110-க்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதத்தையும் கேட்டுவிடலாம். வெள்ளம், புயல் என்று வரும்போது அரசு என்ன செய்கிறது என்பதைச் சட்டென்று அவைக்குச் சொல்ல ஒரு வழி வேண்டும், அங்கே கூச்சல் கூடாது. நியாயம். கஜா புயல் 2018 நவம்பரில் கொடைக்கானல் சாலைகளை அடைத்துப்போட்டபோது மலைக்காரர்களுக்கு வேண்டியிருந்தது விவாதம் அல்ல, தகவல். இன்னொன்றும் சொல்வார்கள்: அறிவிப்புக்கான பணத்தை எப்படியும் பிறகு மானியக் கோரிக்கையிலோ துணை மதிப்பீட்டிலோ அவை பேசி அனுமதிக்கத்தானே வேண்டும், அரசு உறுதிமொழிக் குழு என்று ஒரு குழுவே இருக்கிறதே? இருக்கிறது. ஆனால் மானியக் கோரிக்கை வரும்போது அறிவிப்புக்குப் போஸ்டர் ஒட்டி, அடிக்கல் நாட்டி, பாதி ஊர் மறந்திருக்கும். உறுதிமொழிக் குழு ஊர் ஊராகப் போவதும் வாக்குறுதி கொடுத்து வெகுநாள் கழித்துத்தான். கேள்விக்கு மதிப்பு சூட்டோடு கேட்கும்போதுதான்.

விதியைத் திருத்தக்கூட அவசியமில்லை. டெல்லியில் மக்களவையின் 372-ஆம் விதியும் மாநிலங்களவையின் 251-ஆம் விதியும் அமைச்சர் அறிக்கை படிக்கும் நேரத்தில் கேள்வி கூடாது என்றே சொல்கின்றன. 110-ஐவிடக் கறாரான வாசகம். அப்படியிருந்தும் மாநிலங்களவையில் அறிக்கை முடிந்ததும் உறுப்பினர்கள் "விளக்கம்" கேட்பது வழக்கத்திலேயே வந்துவிட்டது. அவர்கள் அதைக் கேள்வி என்று சொல்வதில்லை, விளக்கம் கோருதல் என்பார்கள் :-) தமிழ்நாட்டின் விதி தடுப்பது விவாதத்தை மட்டும். விளக்கம் கேட்பது விவாதமா இல்லையா என்று முடிவு சொல்லப்போகிறவர் பேரவைத் தலைவர். நன்றி சொல்ல அனுமதிக்கும் அதே இருக்கை கட்சிக்கு ஒரு விளக்கம் என்று அனுமதிக்கலாம். அறிக்கையின் நகலை ஒரு மணி நேரம் முன்னால் எதிர்க்கட்சித் தலைவரிடம் கொடுக்கச் சொல்லலாம். 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரத்தை நேரலையில் காட்டத் தொடங்கினார்கள், அதனால் அவை ஒன்றும் இடிந்து விழவில்லை. முதலமைச்சரின் அறிக்கையைத் தொலைக்காட்சியில் பார்த்த மன்னவனூர்க்காரர், அதற்கு அடுத்த பத்து நிமிடத்தையும் பார்க்கட்டும். தன் எம்.எல்.ஏ. அந்தப் பத்து நிமிடத்தில் எழுந்தாரா, எழுந்து என்ன கேட்டார் என்பது அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு மலையேறி வரும்போது பேச உதவும்.