கீரைக்காரம்மாவுக்கு ஒரு நாற்காலி

பம்மலில் கூடை வைத்திருக்கும் கீரைக்காரம்மாவை "இடத்தைக் காலி செய்" என்று ஒருவர் மிரட்டினால், அவர் யாரிடம் போவார்?

நைஜீரியாவில் யோருபா பெண்களுக்கு இந்தத் திகைப்பு இல்லை. அங்கே சந்தைக்கு ஒரு தலைவி உண்டு. 'ஈயாலோஜா' என்பார்கள். சந்தையின் தாய் என்று பொருள். தகராறு தீர்ப்பதும் அவர். அதிகாரிகளிடம் பேசுவதும் அவர். அபேயோகுட்டா நகரில் பெண்கள் மீது வரி போட்டார்கள். புன்மிலாயோ ரான்சம் குட்டி என்ற ஆசிரியையின் தலைமையில் சந்தைப் பெண்கள் திரண்டார்கள். 1949-ல் மன்னரே அரியணையை விட்டு இறங்கினார்!

நம் ஊரிலும் பெண்கள் திரண்டது உண்டு. 1978-ல் சென்னையில் ஜெயா அருணாசலம் 'ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்' தொடங்கினார். வட்டிக்காரரிடம் சிக்கிய வியாபாரப் பெண்கள் குழுவாகச் சேர்ந்தார்கள். ஒருவருக்கொருவர் ஜாமீன். வங்கிக் கடன் கிடைத்தது.

இப்போது சட்டமும் இருக்கிறது. 2014-ம் ஆண்டுச் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் 100-க்கு 40 பேராவது தெரு வியாபாரிகள். அவர்களைத் தேர்தல் வைத்து எடுக்கவேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் விரட்டக்கூடாது. இதுதான் முக்கியம்!

பம்மல் 2021-ல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. ஆகவே நாற்காலியும் அங்கேதான். ஒருநாள் கூட்டத்துக்குப் போனால் அன்றைய கீரை வாடிவிடுமே? அன்று பக்கத்துக் கூடைக்காரி அதையும் சேர்த்து விற்றுக் கொடுக்கவேண்டும்.