ஜுரத்தோட வந்தாலும் அட்டெண்டன்ஸா? சண்டே ஸ்கூல் மாற்ற வேண்டிய ஒரு விதி

நவம்பர் வந்துவிட்டால் தமிழ்நாட்டுத் தேவாலயங்களில் பிள்ளைகளின் சத்தம் கூடிவிடும். கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகை, கேரல் பயிற்சி, மனப்பாட வசனப் போட்டி என்று ஞாயிறு மட்டுமில்லாமல் வார நாட்களிலும் கூடுவார்கள். அதே வாரங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும், ஃப்ளூ காய்ச்சலும் சுற்றும்.

அப்போது பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது: “லேசான ஜுரம்தானே, ஒரு பாராசிட்டமால் கொடுத்துக் கூட்டிட்டுப் போயிடலாம். இல்லன்னா ஃபுல் அட்டெண்டன்ஸ் போயிடும்.”

இதில் பெற்றோரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு வாரம்கூட விடாமல் வந்த பிள்ளைக்கு மேடையில் பரிசு என்று சபையே அறிவித்திருந்தால், பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது தண்டனை மாதிரிதான் தெரியும். மாற வேண்டியது அந்த விதி.

மாத்திரை போட்டா பரவாதா?

பரவும். பாராசிட்டமால் சூட்டைக் குறைக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது. ஃப்ளூ வந்தவரிடமிருந்து அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே மற்றவருக்குத் தொற்றலாம். அறிகுறி தொடங்கி 5 முதல் 7 நாட்கள் வரை இது நீடிக்கும். சின்னப் பிள்ளைகளிடம் இன்னும் சில நாட்கள் கூடலாம். இருமல், தும்மல், பக்கத்தில் நின்று சத்தமாகப் பாடுவது என எல்லாமே வைரஸுக்கு வழிதான். கலர் பென்சில், மைக், மேசை போன்றவற்றைத் தொட்ட கையோடு மூக்கைத் தொட்டாலும் ஒட்டிக்கொள்ளும்.

ஸ்கூல்லயும்தான் பரவுது, சர்ச்சுல மட்டும் என்ன?

இரண்டு வித்தியாசங்கள் உண்டு. ஒன்று, சண்டே ஸ்கூலுக்கு வரும் பிள்ளைகள் பல பள்ளிகளில் படிப்பவர்கள். ஞாயிறு ஒரே பாயில் உட்கார்ந்துவிட்டு, திங்கள்கிழமை பல வகுப்பறைகளுக்குப் பிரிந்து போகிறார்கள். இரண்டு, வகுப்பு முடிந்ததும் பிள்ளை நேராக ஆராதனைக்குப் போய்த் தாத்தா பாட்டி மடியில் உட்காரும். 65 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா, சர்க்கரை நோய் உள்ளவர்கள், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்குத்தான் ஃப்ளூ நிமோனியா வரை போகும் ஆபத்து அதிகம். இவர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் ஒவ்வொரு வாரமும் கூடும் இடம் தேவாலயம்.

சரி, என்ன செய்யலாம்?

முதல் வேலை, ஃபுல் அட்டெண்டன்ஸ் பரிசை நிறுத்துவது. அதற்கு மனசு வரவில்லை என்றால், “உடம்பு சரியில்லை” என்று ஆசிரியருக்கு முன்கூட்டியே வாட்ஸ்அப் செய்தி வந்தால் அன்றைக்கும் வருகை உண்டு என்று அறிவிக்கலாம். வசனத்தை வாய்ஸ் நோட்டில் சொல்ல விடலாம். நாடகத்தில் முக்கிய வேடத்துக்கு இரண்டு பிள்ளைகளைத் தயார் செய்தால், “இவன் வரலன்னா டிராமாவே நிக்கும்” என்ற நெருக்கடி இருக்காது.

மருந்தின் துணையில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்து, உடம்பும் தேறிய பிறகே வகுப்புக்கு வரலாம் என்பது அடுத்த விதி. ஆசிரியர்களுக்கும் இதுவே. பெரும்பாலும் தன்னார்வத்தில் வருபவர்கள் என்பதால், “நான் போகலன்னா கிளாஸ் எடுக்க ஆளில்லையே” என்று இருமிக்கொண்டே வந்துவிடுகிறார்கள். மாற்று ஆசிரியர் பட்டியல் கையில் இருந்தால் இதைத் தவிர்க்கலாம்.

மற்றவை செலவில்லாதவை. மழை என்றாலும் சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னலைத் திறந்து வைப்பது, பிஸ்கட் கொடுக்கும் முன் 20 விநாடி சோப்பு போட்டுக் கை கழுவ வைப்பது, ஒரே டம்ளரில் எல்லோரும் தண்ணீர் குடிப்பதை நிறுத்துவது.

தடுப்பூசியும் உண்டு. 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போட இந்தியக் குழந்தை மருத்துவர்களின் சங்கமான ஐ.ஏ.பி. பரிந்துரைக்கிறது. பலன் தர சுமார் இரண்டு வாரம் ஆகும் என்பதால் மழைக்கு முன்பே மருத்துவரிடம் பேசுவது நல்லது.

ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யாருமில்லாத குடும்பம் என்ன செய்யும்? கொரோனா காலத்தில் பல சபைகள் ஆராதனையையே யூடியூபுக்குக் கொண்டு வந்தன. அந்த வழி இன்னும் திறந்தே இருக்கிறது. “இந்த வாரம் வீட்டிலிருந்தே கலந்துகொள்ளுங்கள், தவறில்லை” என்று ஆயரோ பங்குத்தந்தையோ மேடையில் ஒருமுறை சொன்னால் போதும், அந்தத் தாயின் குற்ற உணர்வு பாதி குறைந்துவிடும்.

பிள்ளைகள் தவறாமல் வர வேண்டும் என்று சபை ஆசைப்படுவது நியாயம். வர முடியாத வாரத்தில் “எப்படி இருக்கே?” என்று ஆசிரியர் ஒரு போன் போட்டு விசாரித்தால், அந்தப் பிள்ளை அடுத்த வாரம் தானாக வந்து நிற்கும். அதற்குப் பரிசுக் கோப்பை தேவையில்லை.