தெகார்த்தைத் தமிழில் யார் அறிமுகம் செய்வது?

திருத்தணியில் 1888இல் பிறந்த ஒரு மாணவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தபோது எந்தப் பாடத்தை எடுப்பது என்று தீர்மானிக்காமல் இருந்தார். அந்த ஆண்டு பட்டம் முடித்த உறவினர் ஒருவர் தான் படித்து முடித்த புத்தகங்களை அவரிடம் கொடுத்தார். ஸ்டவுட்டின் உளவியல், வெல்ட்டனின் தர்க்கவியல், மெக்கன்சியின் அறவியல். அதோடு பாடம் முடிவாகிவிட்டது. அந்த மாணவர்தான் டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன். கையில் வந்து சேர்ந்த மூன்று பாடநூல்கள் தன் திசையைத் தீர்மானித்ததை அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

அதே திருவள்ளூர் மாவட்டத்தில், பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையில் இருக்கிறது சென்னீர்குப்பம். அங்கே இன்று தத்துவம் படிக்க ஆசைப்படும் ஒரு பிள்ளைக்குக் கையில் வந்து சேர்வது எது? பெரும்பாலும் ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்ட குறிப்புகள். மத்தியத் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வில் தத்துவம் விருப்பப் பாடமாக இருக்கிறது. தாளுக்கு 250 மதிப்பெண் வீதம் இரண்டு தாள். முதல் தாளின் முதல் பாதி முழுக்க மேலைத் தத்துவம்: பிளேட்டோ, அரிஸ்டாட்டிலுக்குப் பின் நேரே தெகார்த், ஸ்பினோசா, லைப்னிஸ், பிறகு லாக், பார்க்லி, ஹியூம், காண்ட், ஹெகல் என்று தொடங்கி விட்கன்ஸ்டைன், சார்த்தர், குவைன் வரை போகிறது. இத்தனை பேரையும் ஆளுக்குப் பத்து வரியில் அடக்கிய குறிப்புகளைப் படித்துத் தேர்வு எழுதிவிடலாம். தத்துவம் படித்ததாக ஆகாது.

‘நவீன’ என்ற சொல்லே பலரைக் குழப்புகிறது. தத்துவப் பாடத்தில் நவீனம் என்பது நேற்று இன்று வந்த விஷயம் அல்ல. ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டில், திருச்சபையும் அரிஸ்டாட்டிலும் சொன்னதை அப்படியே ஏற்காமல், ‘எனக்கு எதுதான் உறுதியாகத் தெரியும்?’ என்று கேட்கத் தொடங்கிய காலத்திலிருந்து அது ஆரம்பமாகிறது. தெகார்த்தின் ‘தியானங்கள்’ லத்தீனில் வந்தது 1641இல். காண்டின் பெரிய நூல் 1781இல். இந்த நூற்று நாற்பது ஆண்டுகள்தான் நவீனத் தத்துவத்தின் மையப் பகுதி. அறிமுக நூல் எதுவானாலும் அதன் தரத்தை இந்தப் பகுதியை வைத்தே எடை போடலாம்.

ஒரு சோதனை உண்டு. கடையில் புத்தகத்தை எடுத்து, ஹியூம் அத்தியாயத்தைத் திறந்து, காரண காரியம் பற்றிய பக்கங்களை நின்றபடியே படித்துப் பார்க்கலாம். கேரம் பலகையை நினைத்துக்கொண்டால் விஷயம் புரியும். ஸ்ட்ரைக்கர் போய்க் காயில் மோதுகிறது, காய் நகர்கிறது. மோதியதைக் கண் பார்த்தது. நகர்ந்ததையும் பார்த்தது. ‘மோதினால் நகர்ந்தே தீர வேண்டும்’ என்ற கட்டாயத்தை மட்டும் எங்கே பார்த்தோம்? ஆயிரம் முறை ஆடிய பழக்கம், ஆயிரத்து ஓராவது முறையும் அப்படியே நடக்கும் என்று மனதை எதிர்பார்க்க வைக்கிறது. அதற்கு மேல் நம்மிடம் ஆதாரம் இல்லை. 1748இல் வெளியான நூலில் பில்லியர்ட்ஸ் பந்துகளை வைத்து ஹியூம் காட்டியது இதைத்தான். தன் உறக்கத்தைக் கலைத்தவர் ஹியூம் என்று காண்ட் சொன்னதற்கும் இதுவே காரணம். நல்ல அறிமுக நூல் வாசகரை அந்தப் பலகைக்கு முன்னால் உட்காரவைத்து, ‘நீயே பார்’ என்று சொல்லும். அதன்பின் ஹியூமுக்கு என்ன மறுப்பு வந்தது என்பதையும் காட்டும். மோசமான நூல், ‘ஹியூம் ஒரு ஐயவாதி, காரண காரியத் தொடர்பை மறுத்தார்’ என்று எழுதிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

ஆங்கிலம் படிக்க முடிந்தவர்களுக்குப் பெயர்பெற்ற நூல்கள் நிறைய. அதிகம் பேர் சிபாரிசு செய்வது வில் டூரண்ட் 1926இல் வெளியிட்ட தத்துவத்தின் கதை. மளமளவென்று படிக்கலாம். ஆனால் நவீனத் தத்துவத்துக்கு அதை முதல் புத்தகமாகக் கொடுப்பது சரியல்ல. அரிஸ்டாட்டிலிலிருந்து ஒரே தாவலில் பேக்கனுக்கு வந்துவிடுகிறார். தெகார்த்துக்குத் தனி அத்தியாயம் இல்லை. லாக், பார்க்லி, ஹியூம் மூவரும் காண்டுக்கு முன்னுரைபோல அந்த அத்தியாயத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறார்கள். இன்று அதிகம் பேர் படிக்காத ஹெர்பர்ட் ஸ்பென்சருக்கோ முழு அத்தியாயம்.

பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் மேலைத் தத்துவ வரலாறு 1945இல் வந்தது. கூர்மையும் வேகமும் கொண்ட எழுத்து. ஐந்து ஆண்டு கழித்து அவருக்கு இலக்கிய நோபல் கிடைத்தது. லைப்னிஸைப் பற்றி 1900த்திலேயே தனி நூல் எழுதியவர் என்பதால் அந்த அத்தியாயம் மிக நன்றாக இருக்கும். காண்டைப் படிக்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. நவீனத் தத்துவவாதிகளில் காண்ட்தான் தலைசிறந்தவர் என்ற மதிப்பீட்டை ரஸ்ஸல் ஏற்றவர் அல்ல, அது எழுத்தில் தெரியும். கவிஞர் பைரனுக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கியவர் கீர்க்கெகார்டுக்கு ஒதுக்கவில்லை. தனி அத்தியாயம் பெற்ற பெண் ஒருவர்கூட இல்லை. ஆன்மாவுக்கு உடல் இல்லை என்றால் அது கையையும் காலையும் எப்படி அசைக்கிறது என்று 1643இல் கடிதம் எழுதி தெகார்த்தைத் திணறவைத்த பொஹீமிய இளவரசி எலிசபெத்தை, புதிதாகப் படிப்பவர் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது பெயருக்குப் பூந்தமல்லி வழியாகவே வரலாம். அங்கே திரு இருதயக் குருமடம் இருக்கிறது. கத்தோலிக்கக் குருவாகப் போகிறவர் இறையியலோடு இரண்டு ஆண்டாவது தத்துவமும் படித்தாக வேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். உலகெங்கும் இப்படிக் குருமடங்களில் படிப்பவர்களை மனதில் வைத்துத்தான் இயேசு சபைத் துறவி ஃபிரெட்ரிக் கோப்பிள்ஸ்டன் தன் தத்துவ வரலாற்றை எழுத ஆரம்பித்தார். 1946இல் முதல் தொகுதி, 1975இல் ஒன்பதாவது. நான்கு, ஐந்து, ஆறாம் தொகுதிகள் தெகார்த் முதல் காண்ட் வரை. டூரண்டின் சுவாரஸ்யம் அதில் இருக்காது, பொறுமை வேண்டும். ஆனால் தான் எந்த மரபில் நின்று எழுதுகிறேன் என்பதை முன்னுரையிலேயே சொல்லிவிட்டு, தனக்கு உடன்பாடில்லாதவரின் வாதத்தையும் முழு பலத்தோடு எடுத்து வைப்பார்.

இந்த நேர்மைதான் முக்கியம். சார்பில்லாத அறிமுக நூல் கிடையாது. ரஸ்ஸலும் கோப்பிள்ஸ்டனும் 1948இல் பிபிசி வானொலியில் கடவுள் இருக்கிறாரா என்று நேருக்கு நேர் வாதாடியவர்கள். இருவரும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் ஒரே ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதைவிட, ஒரே தத்துவவாதியைப் பற்றி இவர்கள் இருவரும் எழுதியதை அடுத்தடுத்துப் படிக்கச் சொல்வதே நல்ல ஆலோசனை. ஸ்பினோசாவை இப்படிப் படித்துப் பார்த்தவருக்கு, ஸ்பினோசா சொன்னது எது, ஆசிரியர் சேர்த்தது எது என்று பிரித்தறியும் பழக்கம் வந்துவிடும். தேர்வுக்குப் படிப்பவர்கள் வழக்கமாகப் புரட்டும் தில்லி, மசீஹ் ஆகியோரின் தத்துவ வரலாற்று நூல்களை அதற்குப் பிறகு படித்தால் போதும்.

இனி தமிழ். ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது முன்னோடிகளுக்குச் செய்யும் அநியாயம். ராகுல சாங்கிருத்யாயன் இந்தியில் எழுதியது ‘ஐரோப்பிய தத்துவ இயல்’ என்று தமிழில் வந்திருக்கிறது. ஜார்ஜ் பொலிட்ஸரின் ‘மார்க்சிய மெய்ஞ்ஞானம்’ இடதுசாரி வாசகர்களிடையே பல காலம் புழங்கியது. பாரிஸில் தொழிலாளர் பல்கலைக்கழகம் என்ற மாலைப் பள்ளியில் 1935, 36இல் அவர் நடத்திய வகுப்புகளின் குறிப்பு அது. 1942இல் நாஜிகள் அவரைச் சுட்டுக்கொன்ற பிறகு, மாணவர் ஒருவர் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து நூலானது. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் வேலை முடித்து வருபவரைப் போன்றவர்களுக்காக இப்படி ஒரு நூல் உருவானது என்பதே பெரிய விஷயம். ஆனாலும் பொலிட்ஸரிடம் பார்க்லி வருவது எதிராளியாக. அடித்து வீழ்த்தப்படுவதற்காகவே வருகிறார். உணரப்படாமல் எந்தப் பொருளும் இல்லை என்ற பார்க்லியின் வாதம் ஏன் இன்றுவரை ஆட்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்பது அதில் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள ஆர். சிவகுமார் தமிழாக்கிய ‘சோஃபியின் உலகம்’ இருக்கிறது. நார்வேயில் தத்துவ ஆசிரியராக இருந்த யோஸ்டைன் கார்டெர் 1991இல் எழுதிய நாவல். கதையின் திருப்பமே பார்க்லியின் மேல்தான் நிற்கிறது. பதினைந்து வயதுப் பெண்ணுக்குச் சொல்வதுபோலச் சொல்லப்பட்டதால் பள்ளிப் பிள்ளைகளும் படிக்கலாம். ஆயினும் நாவல் நாவல்தான். அதிலிருந்து எழுந்து மூல நூலுக்குப் போகப் படிக்கட்டாக ஒரு தமிழ் நூல் வேண்டும்.

அந்த நூலை எழுத உட்காருகிறவர் முதல் பக்கத்திலேயே ஒரு சொல்லில் இடறுவார். தெகார்த், ஸ்பினோசா, லைப்னிஸ் மூவரையும் பாடப்புத்தகங்கள் சேர்க்கும் அணிக்கு அகராதி தரும் தமிழ்ப் பெயர் ‘பகுத்தறிவுவாதம்’. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்குப் பெரியார் ஒரு நூற்றாண்டுப் பொருளைக் கொடுத்திருக்கிறார். பகுத்தறிவுவாதி என்றால் கடவுள் மறுப்பாளர் என்றுதான் இங்கே காதில் விழும். தெகார்த்தோ தன் மூன்றாம் தியானத்தில் கடவுள் இருப்பதை நிரூபிக்கப் பார்க்கிறார்! குறிப்பு நோட்டில் ‘பகுத்தறிவுவாதி தெகார்த்’ என்று படித்த மாணவர், அந்தப் பக்கத்துக்கு வந்ததும் எங்கோ தவறாகப் படித்துவிட்டோம் என்றுதான் நினைப்பார்.

ஈழத்தமிழர்கள் இந்தச் சிக்கலை முன்பே தீர்த்துவிட்டார்கள். அங்கே தத்துவம் ‘மெய்யியல்’. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அது ஒரு பட்டப் பாடம். உயர்தர வகுப்பிலேயே ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ என்ற பாடத்தைத் தமிழில் படித்துத் தேர்வு எழுதுகிறார்கள். அவர்களின் எழுத்தில் தெகார்த்தின் அணி ‘அறிவுமுதல்வாதம்’. சொல் எவ்வளவு பொருத்தம் என்று தெகார்த்தின் மெழுகு உதாரணத்தை வைத்தே பார்க்கலாம். தேனடையிலிருந்து அப்போதுதான் எடுத்த மெழுகுத் துண்டு. தேன் சுவை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, பூ வாசம் இருக்கிறது, தட்டினால் சத்தம் வருகிறது, தொட்டால் குளிர்ச்சி. நெருப்பருகே கொண்டுபோனால் சுவை போயிற்று, வாசம் போயிற்று, உருவம் குலைந்து சூடான நீர்மமாகிவிட்டது. கண்ணும் மூக்கும் நாக்கும் சொன்ன அத்தனையும் மாறிவிட்டன. ஆனாலும் அதே மெழுகுதான் என்று யாரும் சந்தேகப்படுவதில்லை. அதை அறிந்தது புலன் அல்ல. அறிவு என்கிறார் தெகார்த். அறிவு முதல், புலன் பிறகு. சொல்லிலேயே கொள்கை இருக்கிறது. கருத்துமுதல்வாதம், பொருள்முதல்வாதம் என்ற சொற்கள் தமிழ்நாட்டில் ஏற்கெனவே வேரூன்றியவை என்பதால், இதுவும் அந்த வரிசையில் இயல்பாக உட்காரும்.

தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் பழைய கல்லூரிப் பாடநூல்களை மறுபதிப்பாகக் கொண்டுவந்திருக்கிறது, மொழிபெயர்ப்புகளையும் வெளியிடுகிறது. தெகார்த் முதல் காண்ட் வரை ஐந்நூறு பக்கத்தில் ஒரு புதிய நூலை அது எழுதச் செய்ய வேண்டும். மொழிபெயர்ப்பாக இல்லாமல், தமிழிலேயே யோசித்து எழுதியதாக இருக்க வேண்டும். 1927 முதல் தத்துவத் துறை வைத்திருக்கும் சென்னைப் பல்கலைக்கழகமும் யாழ்ப்பாணத்து மெய்யியல் துறையும் சேர்ந்து முதலில் கலைச்சொற்களை முடிவு செய்யட்டும். தெகார்த், டெஸ்கார்ட்டஸ், டேக்கார்ட் என்று ஊருக்கு ஒரு பெயரில் திரியும் மனிதருக்கு ஒரே பெயரையும் அவர்களே வைக்கட்டும். அச்சான பிரதி பூந்தமல்லி வட்டாரத்துக் கிளை நூலகங்கள் வரை போய்ச் சேர வேண்டும்.

அது வரும்வரை, சென்னீர்குப்பத்துப் பிள்ளை சோஃபியில் தெகார்த் வரும் அத்தியாயத்தைத் தமிழில் படித்துவிட்டு, ‘தியானங்கள்’ நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுக்கலாம். மொத்தம் ஆறு தியானங்கள். ஒரு நாளைக்கு ஒன்று என்ற கணக்கில்தான் தெகார்த் அவற்றை எழுதியிருக்கிறார். மெழுகு இரண்டாம் நாள் வருகிறது.